45, 50, 55: கண்ட்ரோல் பார் நீளம் கைட்டை என்ன செய்கிறது?

கைட்போர்டிங் என்பது வானில் பறக்கும் பெரிய கைட் (பட்டம்) இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் ஓடும் விளையாட்டு; அந்தக் கைட்டைத் திருப்பக் கையில் பிடிக்கும் கட்டைதான் பார். புது பார் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரிலீஸ் (அவசரத்தில் கைட்டின் இழுவையை விடுவிக்கும் பூட்டு) எப்படி இருக்கிறது, டிரிம் (இழுவையைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கயிறா பட்டையா, பிடி கையில் வழுக்குமா என்று பார்ப்பார்கள். நீளம் கடைசியில்தான் நினைவுக்கு வரும். அப்போதும் "பெரிய கைட்டுக்குப் பெரிய பார், சின்ன கைட்டுக்குச் சின்ன பார்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வரி தவறில்லை, ஆனால் காரணம் தெரியாமல் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் தேவையில்லாத இடத்தில் காசு போகும்.

இங்கே எடுத்துக்கொண்டவை நான்கு: 45 செ.மீ, 50 செ.மீ, 55 செ.மீ நிலையான பார்கள், அப்புறம் முனையைத் திருப்பி நீளத்தை மாற்றிக்கொள்ளும் இரட்டை அளவு பார். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 7 முதல் 12 மீட்டர் (கைட்டின் பரப்பு, சதுர மீட்டரில்) வரை இரண்டு மூன்று கைட் வைத்திருப்பவருக்கு, 45-க்கும் 52-க்கும் இடையே மாறும் இரட்டை அளவு பார் ஒன்றே போதும். 55 என்பது 13 மீட்டருக்கு மேல் அடிக்கடி பறக்கவிடுபவருக்கு மட்டும். தன் கைட் மந்தமாகத் திரும்புகிறது என்பதற்காக நீளமான பார் தேடுபவர் முதலில் லைன்களை (பாரையும் கைட்டையும் இணைக்கும் கயிறுகளை) அளக்க வேண்டும். பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது.

கணக்கு சொல்வது

பாரைச் சாய்க்கும்போது ஒரு முனை நம் பக்கம் வருகிறது, மறு முனை விலகிப் போகிறது. பாரின் முனைகளிலிருந்து இறக்கை நுனிகளின் பின்பக்கம் போகும் இரண்டு பின் லைன்களுக்கும் இடையே உண்டாகும் நீள வித்தியாசம்தான் கைட்டைத் திருப்புகிறது. பார் நீளத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் அந்த வித்தியாசம் கிடைக்கும். 30 டிகிரி சாய்த்தால் 45 செ.மீ பாரில் 22.5 செ.மீ, 50-இல் 25, 55-இல் 27.5.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 55 பார் 30 டிகிரியில் கொடுக்கும் அதே 27.5 செ.மீ-ஐ 45 பாரிலும் எடுக்கலாம். 38 டிகிரி சாய்த்தால் போதும். மணிக்கட்டுக்கு 8 டிகிரி கூடுதல் வேலை, அவ்வளவுதான். சாதாரண ஓட்டத்தில், கைட்டை (வானத்தைக் கடிகார முகம் என்று கொண்டால், தலைக்கு மேல் 12) 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையே வைத்துக்கொண்டு போகும்போது, கை தானாகவே இதைச் சரிசெய்துகொள்ளும். நீளம் மாறியதே தெரியாது.

வித்தியாசம் தெரிவது கடைசி எல்லையில். நடுவில் டிப்பவர் லைன் (முன் லைன்களை இடுப்புப் பட்டையோடு இணைக்கும் கயிறு; பார் இதன்மேல்தான் மேலும் கீழும் ஓடும்) போவதாலும் கை நீளத்துக்கு ஓர் அளவு இருப்பதாலும், 70 டிகிரிக்கு மேல் பாரைச் சாய்ப்பது சிரமம். அந்த இடத்தில் 45 பார் ஏறக்குறைய 42 செ.மீ கொடுத்துவிட்டு நின்றுவிடும். 55 பாரோ 52 செ.மீ வரை கொடுக்கும். பெரிய கைட்டை லூப் (வானில் முழு வட்டம்) அடிக்கும்போது, காற்று சட்டென்று இறங்கி கைட் விழப் போகும்போது, தண்ணீரில் கவிழ்ந்ததை எழுப்பும்போது இந்த 10 செ.மீ-ஐச் சாய்வைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. குட்டைப் பாரின் குறை எப்போதும் கடைசி எல்லையில்தான் வெளிப்படும்.

நெட்டைப் பாரின் குறை நடுவில் இருக்கிறது. இரண்டு கைகளுக்கும் இடையே 30 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். அலை ஒன்று முட்டி ஒரு கை தெரியாமல் 5 செ.மீ முன்னே போனால் பார் ஏறத்தாழ 10 டிகிரி சாயும். 45 பாரில் அது 7.5 செ.மீ லைன் வித்தியாசம்; 55-இல் 9 செ.மீ-க்குச் சற்று மேல். அதாவது வேண்டுமென்றே கொடுக்கும் கட்டளை எவ்வளவு கூடுகிறதோ அதே 22 சதவீதம், தெரியாமல் கொடுப்பதும் கூடுகிறது. 12 மீட்டர் கைட் இந்தப் பிசகைக் கண்டுகொள்ளாது. 6 மீட்டர் கைட் உடனே கீழ்ப்படிந்துவிடும், சிக்கல் அதுதான்.

கைட் பரப்பும் பார் நீளமும்

ஒரே மாடலின் 7 மீட்டரையும் 14 மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பரப்பு இரட்டிப்பு, ஆனால் இறக்கையின் நீள அகலம் 1.41 மடங்குதான். இறக்கை நுனியை அதே கோணத்துக்கு முறுக்க வேண்டுமென்றால் லைன் வித்தியாசமும் 1.41 மடங்கு வேண்டும். 9 மீட்டர் கைட் 45 பாரில் மனசுக்குப் பிடித்தபடி திரும்புகிறது என்றால், அதே மாடலின் 14 மீட்டருக்கு 56 செ.மீ பார் வேண்டும். 12-க்கு 52. கீழே போனால் 7-க்கு 40, 6-க்கு 37 என்று வரும். கைட் நிறுவனங்கள் விற்கும் பார்கள் பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் நடுவே அடங்கிவிடுவது இந்தக் கணக்கோடு பொருந்திப் போகிறது.

ஆனால் இது பாதிக் கதை. 7 மீட்டரை 28 நாட் (மணிக்கு 28 கடல்மைல்) காற்றில் பறக்கவிடுவோம், 14 மீட்டரை 12 நாட்டில். காற்றின் வேகம் 2.3 மடங்கு வேறு. கைட் வானத்தில் ஓடும் வேகமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் மாறும். திரும்பும் வட்டமும் சின்ன கைட்டுக்குச் சிறியது. இரண்டையும் பெருக்கினால், பாரை விகிதப்படி குறைத்த பிறகும் 7 மீட்டர் கைட், 14 மீட்டரைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக முகம் திருப்பும். தோராயக் கணக்குதான், ஆனாலும் தண்ணீரில் நடப்பதற்கு ரொம்பத் தூரமில்லை. அதனால்தான் "சின்ன கைட்டுக்கு 50 பார் போதும், கொஞ்சம் கவனமாக ஓட்டினால் ஆச்சு" என்பது 15 நாட்டில் சரியாகத் தோன்றி, 30 நாட்டில் பல்லிளிக்கிறது.

நீளமான பார் லேசாக இருக்குமா?

நெம்புகோல் நீளம் கூடினால் பலம் குறைவாகப் போதும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து, நீளமான பார் கைக்கு லேசு என்று பலர் நம்புகிறார்கள். கை எங்கே பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்தால் இது தலைகீழாகும். பின் லைன் இழுப்பது பாரின் முனையை. நம் கை இருப்பதோ நடுவிலிருந்து 15 செ.மீ தள்ளி. முனை தூரம் போகப்போக இழுவைக்குத்தான் நெம்பு கூடுகிறது, நமக்கில்லை.

திருப்பும்போது இரண்டு பின் லைன்களுக்கும் இடையே 2 கிலோ இழுவை வித்தியாசம் என்று கொள்வோம். கை அதே 15 செ.மீ-இல் இருந்தால், 45 பாரில் ஒவ்வொரு கைக்கும் 1.5 கிலோ, 55 பாரில் 1.8 கிலோவுக்கு மேல். கையையும் முனைப்பக்கம் நகர்த்திக்கொண்டால் மட்டுமே லேசாகும். நகர்த்தினால் தோள் அகலமாகிவிடும், அதுவே வேறு களைப்பு. பெரிய கைட்டில் நீளமான பாரை எடுப்பது லேசாகத் திருப்புவதற்கல்ல, அதிகமாகத் திருப்புவதற்கு.

முன்கை வலிக்கிறது என்பவர்கள் பார் நீளத்தைவிடப் பிடியின் தடிமனைப் பார்ப்பது நல்லது. சிறிய கைக்குத் தடித்த பிடி பொருந்தாது. விரல் சுற்றி வராமல் நுனிவிரலால் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். 45-ஆ 50-ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட இதற்கு அதிகப் பலன் உண்டு.

45 செ.மீ பார்

9 மீட்டரும் அதற்குக் கீழும் என்றால் இதற்கு நிகர் இல்லை. 5, 6, 7 மீட்டர் கைட்டுகள் பலத்த காற்றில் ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு இன்னும் கட்டளை சேர்க்கத் தேவையில்லை, கட்டளையைச் சன்னமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 45 அதைச் செய்கிறது. அலையில் ஒரு கையை விட்டு ஓட்டுபவர்களுக்கும் வசதி: கை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பார் ஒருபக்கம் சரிந்து கைட் கீழே பாய்வதில்லை. பாரை முதுகுக்குப் பின் மாற்றிப் பிடிக்கும் ஃப்ரீஸ்டைல்காரர்களும் குட்டையைத்தான் விரும்புவார்கள், உடம்பில் இடிக்காது என்பதற்காக.

கற்றுக்கொள்பவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். புதியவர் பதறினால் செய்வது ஒன்றே: பாரை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார், வலுவான கை பக்கம் கூடுதலாக. நீளமான பாரில் அந்த ஓர் இழுப்பு சின்ன கைட்டை நேரே இழுவைப் பகுதிக்குள் (கைட் மிகப் பலமாக இழுக்கும் இடத்துக்குள்) பாயவிடும். குட்டைப் பார் அந்தத் தவறை அழித்துவிடாது, குறைக்கும்.

12 மீட்டரை 45-இல் மாட்டினால் என்ன ஆகும்? பறக்கும். காற்று நிலையாக இருக்கும்வரை குறை சொல்ல ஒன்றும் இருக்காது. திசை மாற்றும்போது கைட் அகலமான வளைவு எடுக்கும். பார் கடைசிவரை சாய்ந்து முழங்கை விலாவில் இடிக்கும், கைட் இன்னும் பாதி வழியில் இருக்கும். லூப் அடித்தால் வட்டம் பெரிதாகி, கைட் இழுவைப் பகுதியில் அதிக நேரம் தங்கும், உயரமும் அதிகம் இழக்கும். குட்டைப் பார் என்பதால் லூப் சாதுவாக இருக்கும் என்று நினைப்பது ஆபத்தான கணிப்பு; மெதுவான பெரிய லூப்தான் ஆளை அதிகத் தூரம் இழுத்துப்போகும்.

50 செ.மீ பார்

சண்டை சச்சரவில்லாத அளவு. 8 முதல் 12 மீட்டர் வரை குறை சொல்ல முடியாது, 7-இல் கை பழகியவருக்குச் சமாளிக்கலாம், 14-இல் கொஞ்சம் பொறுமை வேண்டும். இதைப்பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை என்பதே இதன் சிறப்பு.

55 செ.மீ பார்

காற்று 10-12 நாட்டில் முனகிக்கொண்டிருக்கும் நாளுக்கான பார் இது. 14 முதல் 17 மீட்டர் வரையுள்ள ஊதும் கைட்டுகளுக்கும் (காற்றடித்த குழாய்ச் சட்டம் கொண்டவை), 15 மீட்டருக்கு மேற்பட்ட ஃபாயில் கைட்டுகளுக்கும் (சட்டமில்லாமல் துணி அறைகளில் காற்று நிரம்புபவை) இதன் நீளம் உண்மையிலேயே உதவும். நீண்டு மெலிந்த இறக்கை கொண்ட கைட் திரும்பவே யோசிக்கும். அதற்கு 50-ஐவிட 55 கொடுக்கும் கூடுதல் வித்தியாசம் திசை மாற்றத்தில் தெளிவாகத் தெரியும்.

மெல்லிய காற்றுக்காக 24 அல்லது 27 மீட்டர் லைன் போடுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. லைன் நீளமாகி இழுவை குறைந்தால் பின் லைன்கள் நடுவில் தொய்ந்து வில்லாக வளைந்திருக்கும். பாரைச் சாய்த்ததும் முதல் சில செ.மீ அந்தத் தொய்வை நிமிர்த்துவதிலேயே செலவாகும். மிச்சம்தான் கைட்டுக்குப் போய்ச் சேரும். நீளமான பாரில் அந்தச் செலவு போகவும் கையில் கொஞ்சம் இருக்கும்.

தண்ணீரில் விழுந்த பெரிய கைட்டை எழுப்புவதிலும் 55 ஒரு படி மேல். ஆனால் இதற்காக மட்டும் வாங்க வேண்டாம். எந்தப் பாரிலும், ஒருபக்கப் பின் லைனை ஃப்ளோட்டுக்கு (பார் முனையருகே இருக்கும் மிதவைக்கு) மேலே கையால் பிடித்து இழுத்தால் பார் கொடுக்காததைக் கை கொடுக்கும். விரலில் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தவறான இடத்தில் 55 எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 7 மீட்டரில் மாட்டி 25 நாட்டில் பறக்கவிட்டால், கைட் குறித்த இடத்தைத் தாண்டிப்போய் நிற்கும். திருத்த எதிர்ப்பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கமும் தாண்டும். வேகமாக முழுச் சாய்வு கொடுத்தால் உள்பக்க நுனியில் பின் லைன் அளவுக்கு மீறி இழுத்து, அந்தப் பக்கம் காற்றைப் பிடிக்காமல் நின்றுவிடும். கைட் ஓடாமல் நுனியை அச்சாக வைத்துச் சுழலும், சில மாடல்களில் நுனி மடிந்தும் போகும். குதித்து மேலே இருக்கும்போது இது நடந்தால் கீழே தாங்க ஒன்றும் இருக்காது.

இரட்டை அளவு பார்

முனையில் இருக்கும் பிளாஸ்டிக் செருகலை இழுத்து, அரைச் சுற்று திருப்பி, திரும்ப அழுத்தினால் லீடர் லைன் (பின் லைன் மாட்டும் தடித்த கயிறு) வெளியே வரும் துளை உள்பக்கமோ வெளிப்பக்கமோ மாறும். பக்கத்துக்கு 3.5 செ.மீ நகர்ந்தால் மொத்தம் 7 செ.மீ, 45 பார் 52 ஆகிவிடும். கப்ரீனாவின் ஓவர்டிரைவ் இந்தக் குடும்பத்தில் நன்றாக அறியப்பட்ட பெயர். வேறு நிறுவனங்களும் தங்கள் வழியில் இதையே செய்கின்றன. கரையில் நின்று இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை, கருவி எதுவும் வேண்டாம்.

யோசனை நல்லது, செயலிலும் பெரும்பாலும் நல்லதே. தொல்லை வருவது மூன்று இடத்தில்.

முதலாவது, அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மறுபக்கத்தை மறந்துவிடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பார் நேராக இருக்கும்போதே கைட் ஒருபக்கம் ஒழுகும் (தானாக விலகிப் போகும்), லைன் நீண்டுவிட்டது என்று நினைத்து லீடர் முடிச்சை மாற்றுவார்கள், அடுத்த நாள் செருகலைச் சரிசெய்ததும் எதிர்ப்பக்கம் ஒழுகும். ஒழுக்கு தெரிந்தால் முடிச்சைத் தொடுமுன் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பின் லைனின் பயன்நீளம். லீடர் பாரின் உள்ளே ஓரிடத்தில் கட்டப்பட்டு முனைவழியாக வெளியே வரும் அமைப்பில், துளையை 3.5 செ.மீ வெளியே தள்ளினால் அந்த அளவுக்கு லீடர் உள்ளே செலவாகிறது. இரண்டு பின் லைன்களும் குட்டையாகின்றன. முன்பு சரியாகப் பறந்த கைட், நீள நிலையில் பார் முழுக்க இழுத்ததும் பின்னால் சரிந்து விழத் தொடங்கும். பார் கெட்டுவிட்டது என்று தோன்றும். உண்மையில் லீடரில் ஒரு முடிச்சு வெளியே தள்ளினால் தீர்ந்துவிடும். எல்லா மாடலிலும் இப்படியில்லை, சிலவற்றில் லீடரின் வழியே இதை ஈடுகட்டும்படி அமைந்திருக்கும். வாங்கும்போது இரண்டு நிலையிலும் லைனை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, மணல். செருகலுக்கும் குழாய்க்கும் நடுவே நுழைந்த மணல் உப்போடு சேர்ந்து இறுகிவிடும். மாதக்கணக்கில் திருப்பாமல் விட்டதை இடுக்கி வைத்து இழுத்து உடைப்பவர்கள் உண்டு. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மாற்றத் தேவையில்லாவிட்டாலும் அவ்வப்போது ஒருமுறை இழுத்துத் திருப்பி அழுத்திவைப்பது போதும். உள்துளை நிலையில் லீடர் கூர்மையாக மடிந்து வெளியே வருவதால் அங்கே உறை தேய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் இதையே முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம்: 9-ஐயும் 12-ஐயும் மாற்றி மாற்றி எடுப்பவருக்கு நிலையான 50 இரண்டிலும் "பரவாயில்லை" என்று இருக்கும், இது இரண்டிலும் பொருந்தி இருக்கும். இரண்டு தனித்தனிப் பார், இரண்டு ஜோடி லைன், இரண்டையும் அளந்து பராமரிப்பது என்ற வேலையும் மிச்சம்.

பாரை மாற்றுமுன்

கைட் மந்தமாக இருக்கிறது, பெரிய பார் வேண்டும் என்று தோன்றினால் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். நான்கு லைன் முனைகளையும் ஓர் உறுதியான கொக்கியில் மாட்டி, டிரிம்மை முழுக்க விட்டு, பாரை முழுக்கத் தன் பக்கம் இழுத்து, சமமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான நான்கு லைன் அமைப்புகளில் அப்போது நான்கும் ஒரே நீளத்தில் நிற்க வேண்டும். முன் லைன்கள்தான் எப்போதும் அதிகப் பாரம் தாங்குகின்றன, ஆகவே காலப்போக்கில் அவையே அதிகம் நீளும். முன் லைன் நீண்டால் ஒப்பீட்டில் பின் லைன் குட்டையாகி, கைட் பின்னால் தொங்கும், ஓட்டம் குறையும், திரும்புவதும் மந்தமாகும். இந்தக் கைட்டுக்கு 55 பார் மாட்டினால் நிலைமை மோசமாகும். ஏற்கெனவே காற்றில் நின்றுபோன இறக்கையை இன்னும் முறுக்குகிறோம்.

எதிர்க்கோடியும் உண்டு. பலத்த காற்றில் டிரிம்மை நிறைய இழுத்துவிட்டால் பின் லைன்கள் தொய்ந்துபோகும். பாரைச் சாய்த்தால் தொய்வுதான் நிமிரும், கைட் அசையாது. "பார் சின்னது" என்று தோன்றுவதில் பெரும்பகுதி இதுதான். கைட் தலைக்கு மேல் இருக்கும்போது பாரை விட்டுவிட்டு மெல்ல இழுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் பின் லைன் இறுகுகிறது என்று தெரியும். அது கைக்கெட்டும் தூரத்தின் நடுப்பகுதிக்கு வரும்படி டிரிம்மை வைத்தபிறகு திருப்பிப் பார்க்க வேண்டும். அப்படியும் இறுக்கம் வர பாரை வயிற்றோடு இழுக்க வேண்டியிருந்தால் காற்றுக்கு மீறிய பெரிய கைட் என்று பொருள். அதற்குச் சின்ன கைட்தான் மருந்து.

கைட்டின் இறக்கை நுனியில் பின் லைன் மாட்ட இரண்டு மூன்று இடங்கள் இருந்தால் அதையும் மாற்றிப் பார்க்கலாம். எது வேகம், எது மெது, எது கைக்குக் கனம் என்று பெரும்பாலும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இது இலவசம், பார் இலவசமில்லை. லூப் அடித்தபின் லைன்கள் முறுக்கிக்கொண்டிருந்தால் உராய்விலும் கொஞ்சம் கட்டளை தொலையும். முறுக்கை எடுத்துவிட்டுப் பிறகு தீர்ப்பு சொல்லலாம்.

கடையில் அளக்க வேண்டியவை

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஒன்றில் 50 என்பது பிளாஸ்டிக் கொம்பின் நுனியிலிருந்து நுனிவரை, இன்னொன்றில் லைன் வெளியே வரும் துளையிலிருந்து துளைவரை. திருப்புவதற்கு உதவுவது இரண்டாவதுதான். டேப்பை எடுத்துத் துளைக்குத் துளை அளந்துகொள்வது நல்லது. லைனைச் சுற்றும் கொம்பு எவ்வளவு நீண்டிருந்தாலும் கைட்டுக்கு அது தெரியாது.

பாரின் அகலத்தையும், டிப்பவர் லைனில் பார் மேலும் கீழும் ஓடும் தூரத்தையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கை குட்டையாக இருப்பவர் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி; பார் நழுவி மேலே போனால் எட்டுமா என்பதே கேள்வி. குட்டையான ஆளுக்குக் குட்டைப் பார் என்று ஒரு விதி கிடையாது. பார் நீளத்தைத் தீர்மானிப்பது கைட்.

வேறு நிறுவனத்தின் பாரை மாட்டுவதானால் இன்னும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முன் லைன்கள் பிரியும் V பாரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கைட் அதை ஏற்குமா என்பது ஒன்று. லைன் முனைகளில் எது முடிச்சு, எது கண்ணி என்பது இரண்டு; பொதுவாக முன்னும் பின்னும் மாறிப்போகாதபடி எதிரெதிராக வைத்திருப்பார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை மாறலாம். மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது: ரிலீஸை இழுத்ததும் பார் ஒற்றை முன் லைனில் மேலே சறுக்கிப்போய்க் கைட்டைக் கொடிபோல் விழவைக்க வேண்டும். பெரிய கைட் முழுவதும் சாய அதிகத் தூரம் சறுக்க வேண்டும். சின்ன கைட்டுக்காகச் செய்த குட்டைப் பாரில் அந்தத் தூரம் போதாமல் போகலாம். ரிலீஸ் அமைப்புக்கென்றே ஐஎஸ்ஓ 21853 என்ற தரம் 2020-இல் வந்திருக்கிறது. பாரில் அந்தக் குறி இருந்தால் ரிலீஸ் சோதிக்கப்பட்டது என்று பொருள், அந்தப் பார் உங்கள் கைட்டுக்குப் பொருந்தும் என்று பொருளில்லை. கரையில், மெல்லிய காற்றில், உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஒருமுறை விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பழைய பாராக இருந்தால் நடுத்துளையில் டிப்பவர் லைனின் உறையைத் தடவிப் பார்க்க வேண்டும். தேய்மானம் அங்கேதான் தொடங்கும். இரண்டு லீடர்களையும் சேர்த்துப் பிடித்து நீளம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், 22 மீட்டர் லைனைச் சுற்றிவைக்க 45 பாரில் ஏறத்தாழ 24 சுற்று, 55-இல் 20. நீளமான பாருக்கு யாரும் சொல்லாத ஒரே சௌகரியம் அந்த நான்கு சுற்று.